பட்டினி மீனா, நோய் மீனா? க்யூபாத் மென்பொருளோடு இரண்டு ஆண்டு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா சொல்லும் பதில் இது: "நார்வே மீனுக்கு வயிறு சரியில்லையாம், எம்பொண்ணு பெங்களூர்ல உக்காந்து பாத்துச் சொல்றா." அதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்ல முடியாது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தேன். இப்போது அல்சூர் மர்ஃபி டவுனில் ஒரு மாடி ஆபீஸ். நானும் இன்னும் இரண்டு பேரும். வளர்ப்பு சால்மன் மீன்களின் குடல் ஸ்லைடுகளைப் படித்து அறிக்கை எழுதுகிறோம். நார்வேயில் மீனை எடுத்து, குடலைத் துண்டு வெட்டி, ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள். அதை ஸ்கேன் செய்த படம் இங்கே வருகிறது. அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் எனக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் குடல்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஸ்ஸல் மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம்ம காலா மீன். மும்பையில் ராவஸ் என்பார்கள். ருசியான மீன், ஆனால் இதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. நான் சொல்வது அட்லாண்டிக் சால்மன். நார்வேயில் ஹித்ரா தீவில் 1970-இல் குரோண்ட்வெட் சகோதரர்கள் கூண்டில் விட்டு வளர்த்துக் காட்டிய மீன். இன்றைக்கு அந்த நாடு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் டன் உற்பத்தி செய்கிறது.

இந்த வேலைக்கு நான் தினமும் திறக்கும் மென்பொருள் க்யூபாத். காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேங்க்ஹெட் உருவாக்கியது. 2017-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. மனிதர்களின் திசுவைப் படிக்க எழுதிய மென்பொருள் இது. மீன் குடலுக்கு அதைப் பழக்கிக்கொண்டது என்னைப் போன்றவர்கள்தான். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மீன்வளமோ கால்நடை மருத்துவமோ படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சால்மன் குடலை ஏன் இப்படி உற்றுப் பார்க்கிறார்கள்? சால்மன் மாமிசம் தின்னும் மீன். 1990-இல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2020-இல் அந்தப் பங்கு கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. மிச்ச இடத்தை சோயாவும் கோதுமையும் கடுகு வகை எண்ணெயும் நிரப்புகின்றன. கடல் மீனைப் பிடித்துத் தூளாக்கி இன்னொரு மீனுக்கே போட்டுக்கொண்டிருக்க முடியாது, அதனால் அந்த மாற்றம் நல்லதுதான். ஆனால் மீனின் குடல் அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண சோயாத்தூளை நேரடியாகப் போட்டால் பின்குடலில் அழற்சி வருகிறது. அதில் முக்கியமான குற்றவாளி சப்போனின். நம் வீட்டில் பூந்திக்கொட்டையைத் தேய்த்தால் நுரை வருகிறதே, அந்த நுரைக்குக் காரணமான பொருளும் சப்போனின் வகைதான். அதனால்தான் சோயாவை ஆல்கஹாலில் கழுவிச் செறிவாக்கிய புரதமாகக் கொடுக்கிறார்கள். மொச்சையை ஊற வைத்து முதல் தண்ணீரைக் கொட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவினால் சப்போனினில் பெரும்பகுதி போய்விடும்.

ஆரோக்கியமான பின்குடலை நுண்ணோக்கியில் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத ஒன்று. உயரமான மடிப்புகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் மெல்லிய இழையாக லாமினா புரோப்பிரியா என்ற இணைப்புத் திசு ஓடும். அதன் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் செல்களில், உட்கருவுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் குமிழ்கள். செல் உணவிலிருந்து பெரிய மூலக்கூறுகளை விழுங்கி வைத்திருக்கும் இடம் அது. அழற்சி வந்தால் மடிப்பு குட்டையாகும், நடு இழை தடிக்கும், அதற்குள் அழற்சிச் செல்கள் வந்து குவியும், அந்த வெள்ளைக் குமிழ்கள் காணாமல் போகும். சோயாவை ஆரம்பித்த ஒரு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் சில வாரத்தில் குடல் பழையபடி ஆகிவிடும். அந்தத் திரும்பி வரும் குணத்தால்தான் கண்காணிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. நேரத்தில் சொன்னால் தீவனத்தை மாற்றலாம், மீன் பிழைக்கும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்லைடையும் கண்ணால் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். அதில் பிரச்சினை என்னவென்றால், காலையில் நான் 2 போட்டதற்கு ராத்திரி பத்து மணிக்கு 3 போடுவேன். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண். அதனால் அளவெடுக்க மென்பொருள் வேண்டும் என்று முடிவானது.

முதலில் ஆபீஸில் காசு கொடுத்து வாங்கியது வேறொரு மென்பொருள். அதன் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. கணினி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பல லட்சம். ஸ்லைடைக் கொடுத்தால் ஒரு எண் தரும்: 3.4, 1.8 என்று. அவ்வளவுதான். எந்த மடிப்பை அளந்தாய், எதைக் குமிழ் என்று எண்ணினாய் என்று கேட்டால் காட்டாது. ஒரு தடவை ஸ்லைடில் கண்ணாடிக்கு அடியில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தது, அதற்கும் சேர்த்து மதிப்பெண் வந்தது. எப்படித் தெரியும் என்றால், குமிழி இல்லாத அடுத்த சீவலைக் கொடுத்துப் பார்த்தேன், எண் மாறிவிட்டது. கேட்டால் "அடுத்த பதிப்பில் சரியாகும்" என்ற பதில். எண்ணை வைத்துத்தானே அங்கே ஒரு பண்ணைக்காரர் தீவனம் மாற்றுவார்? எப்படி வந்தது என்று காட்டாத எண்ணை நான் என் பெயர் போட்டு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

க்யூபாத் அந்த இடத்தில்தான் மனதைப் பிடித்தது. அது என்ன செய்தாலும் படத்தின் மேலேயே வரைந்து காட்டும். எண்ணிய ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோடு இருக்கும். நெருங்கிப் போய்ப் பார்க்கலாம், தப்பாக இருந்தால் அழிக்கலாம். மூலப் படத்தில் கை வைக்காது, வரைந்ததும் அளந்ததும் தனிக் கோப்பில் சேரும்.

கொஞ்சம் கிட்டே போய்க் காட்டுகிறேன். ஸ்லைடைத் திறந்ததும் இது எந்த வகைச் சாயம் என்று கேட்கும். உட்கருவை ஊதாவாகவும் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டும் ஹீமடாக்ஸிலின் இயோசின் என்றால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து சாயத்தின் நிறத்தை அந்த ஸ்லைடிலிருந்தே கணிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆய்வகத்தின் ஊதாவும் இளஞ்சிவப்பும் வேறு வேறு, இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லா எண்ணும் கோணல். அப்புறம் மந்திரக்கோல் கருவி. மடிப்பின் மேல் மவுஸை இழுத்தால் திசுவின் விளிம்பைத் தானே பிடித்துக்கொண்டு விரியும். அதிகமாகப் போய்விட்டால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு உள்ளே தள்ளலாம். கோல மாவை விரலால் ஒதுக்கிச் சரி பண்ணுகிற மாதிரி இருக்கும். பழகிய கைக்கு ஒரு மடிப்பை வரைய அரை நிமிடம் போதும்.

வெள்ளைக் குமிழ் எவ்வளவு பரப்பு என்று அளக்க 'பிக்சல் வகைப்படுத்தி' இருக்கிறது. இது குமிழ், இது செல், இது திசுவே இல்லாத வெற்றிடம் என்று அங்கங்கே சின்னச் சின்னக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நேரடிக் கணிப்பை இயக்கிவிட்டால், கோடு போடப் போட மொத்தப் படத்திலும் நிறம் மாறுவது கண் முன்னால் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. குமிழும் வெள்ளை, கிழிந்த இடமும் வெள்ளை, சளி சுரக்கும் கோப்லெட் செல்லும் கிட்டத்தட்ட வெளிறிய நிறம். முதல் ஒரு மாதம் என் வகைப்படுத்தி மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. கோப்லெட் செல்லைத் தனியாக எண்ண வேண்டும் என்றால் ஆல்சியன் புளூ, பாஸ் சாயம் ஏற்றிய ஸ்லைடையே கேட்டு வாங்குங்கள். அமிலச் சளி நீலமாகவும் நடுநிலைச் சளி கருஞ்சிவப்பாகவும் தெரியும், மென்பொருளும் குழம்பாது.

நான் செய்த ஒவ்வொரு கட்டளையையும் அது வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பொத்தானில் அந்த வரிசை நிரலாக மாறும். அதை மற்ற ஸ்லைடுகள் எல்லாவற்றுக்கும் ஓட்டலாம். எங்கள் ஆபீஸில் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் தம்பி ஒருவன் இருக்கிறான். பி.எஸ்சி. கணிதம். குடலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சேர்ந்தவன், அந்த நிரலைப் பார்த்துப் பார்த்தே க்ரூவி என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டான். "அக்கா, நீங்க ஒரு ஸ்லைடு செஞ்சு குடுங்க, மிச்சத்தை ராத்திரி ஓட விட்டுட்டுப் போறேன்" என்பான். காலையில் வந்தால் அட்டவணை தயாராக இருக்கும்.

அந்த வசதியில்தான் ஒரு நாள் பெரிய தப்பு நடக்க இருந்தது.

ஒரு பண்ணையிலிருந்து 12 மீன்களின் பின்குடல். ராத்திரி ஓடி முடிந்த அட்டவணையில் குமிழ்ப் பரப்பு எல்லா மீனுக்கும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மடிப்பு உயரமும் வழக்கத்தைவிடக் குறைவு. தம்பி வரைபடம் எல்லாம் போட்டுவிட்டான். "அக்கா, இது சோயா அழற்சிதானே?" எண்ணை மட்டும் பார்த்தால் ஆமாம். நானும் அறிக்கையின் முதல் வரியை அடித்துவிட்டேன்.

அப்புறம் என்னவோ உறுத்தியது. நாலாவது மீனைத் திறந்து 40 மடங்குக்குப் போனேன். குமிழ் இல்லை, சரி. நடு இழையைப் பார்த்தேன். நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது. அழற்சிச் செல் குவியவில்லை. குடலின் உட்பக்கத்தில் உணவுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. அடுத்த மீனும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. மாதிரி எடுத்தவர்கள் அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பேனாவால் ஒரு குறிப்பு: பித்தப்பை பெரிதாக, நிறைந்திருக்கிறது. சாப்பிட்ட மீனுக்குப் பித்தம் குடலுக்குள் இறங்கிவிடும். சாப்பிடாத மீனுக்குத்தான் பையிலேயே தேங்கும்.

கடைசியாக எப்போது தீவனம் போட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மீனின் தோலில் ஒட்டிக்கொள்ளும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணிக்கான சிகிச்சைக்காக நான்கு நாள் தீவனத்தை நிறுத்தியிருந்தார்கள். மீனைக் கையாளுவதற்கு முன்னால் பட்டினி போடுவது அங்கே வழக்கம்தான். அதற்கு நடுவில் மாதிரி எடுத்திருக்கிறார்கள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, யாரும் நிரப்பவில்லை.

பட்டினி கிடந்தாலும் குமிழ் போய்விடும், மடிப்பும் குறுகும். ஆனால் அழற்சி இருக்காது. சோயா அழற்சியைப் பற்றி 1996-இல் பேவர்ஃபியூர், க்ரோக்டால் என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலேயே சோயா தின்ற மீனின் குடலைப் பட்டினி மீனின் குடலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். நான் கல்லூரியில் படித்த கட்டுரை அது. அன்றைக்கு எனக்குத்தான் அது உடனே ஞாபகம் வரவில்லை.

தப்பு க்யூபாத் மேல் இல்லை. அளக்கச் சொன்னதை அது சரியாகத்தான் அளந்தது. குமிழையும் மடிப்பு உயரத்தையும் மட்டும் அளக்கச் சொன்னது நான். அன்றிலிருந்து நடு இழையின் அகலத்தையும், அதற்குள் இருக்கும் செல் அடர்த்தியையும் சேர்த்து அளக்கிறோம். தம்பி நிரலில் ஒரு வரி சேர்த்தான்: கடைசித் தீவன நாள் நிரப்பப்படாத மீன் அட்டவணையில் சிவப்பாக வரும், அறிக்கைக்குப் போகாது. அந்தப் பழைய மென்பொருளாக இருந்திருந்தால் பன்னிரண்டு மீனுக்கும் 4, 4.2 என்று எண் வந்திருக்கும், நானும் அனுப்பியிருப்பேன், நல்ல தீவனம் ஒன்றை அங்கே தூக்கி எறிந்திருப்பார்கள். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு மீனின் உயிர் போயிருக்கிறது. அதைச் சரியாகப் படிக்காமல் விடுவது எனக்குத் தாங்காது.

க்யூபாத்துக்குத் தெரியாத விஷயங்கள் இன்னும் உண்டு. மடிப்பு சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் உயரம் பொய்யாக வரும், மென்பொருள் அதைக் கண்டுபிடிக்காது. நடு இழை அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் தெரியும் மடிப்பை மட்டும் நானே தேர்ந்தெடுத்து வரைகிறேன். மீன் இறந்த பிறகு குடலை ஃபார்மலினில் போடத் தாமதித்தால் திசு தானே கரைய ஆரம்பிக்கும். மீன் குடலில் இது நிமிடக்கணக்கில் நடக்கும். செல் வரிசை நடு இழையைவிட்டுக் கழன்று நிற்கும், அந்த இடைவெளியையும் வெள்ளை என்றே அது எண்ணும். அப்படிப்பட்ட ஸ்லைடை அளக்கவே கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரைப்பையை அடுத்து விரல் விரலாகத் தொங்கும் பைலோரிக் சீக்காவில் கொழுப்பு தேங்கும் நோய் இன்னொன்று. உணவில் கோலின் என்ற சத்து போதாவிட்டால் கொழுப்பு செல்லைவிட்டு வெளியே போக முடியாமல் உள்ளேயே நிற்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துவிடுவதால் அதுவும் வெறும் வெள்ளை ஓட்டையாகத்தான் தெரியும். பின்குடலுக்குப் பழக்கிய வகைப்படுத்தியை அங்கே ஓட்டினால் "ஆஹா, ஆரோக்கியமான குமிழ்" என்று எண்ணி வைக்கும். இடத்துக்கு ஒரு வகைப்படுத்தி, வேறு வழி இல்லை.

கணினியைப் பற்றி: 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. என் பழைய 8 ஜிபி மடிக்கணினியில் ஒரு ஸ்லைடைப் பார்க்கலாம், ஆனால் செல் எண்ணச் சொன்னால் மூச்சு வாங்கும். மழை நாளில் மர்ஃபி டவுனில் கரண்ட் போகும், அதனால் அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள். படங்கள் இருக்கும் ஃபோல்டரை நகர்த்தினால் எங்கே என்று கேட்கும், புது இடத்தைக் காட்டினால் போதும். பட்டிகள் எல்லாம் ஆங்கிலம்தான். உதவிப் பக்கங்கள் பொறுமையாக, படத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று நாள் ஒதுக்கினால் அடிப்படை கைக்கு வந்துவிடும். இது ஆராய்ச்சிக்கான மென்பொருள், நோய் கண்டறிதலுக்கென்று சான்று பெற்றதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

ஸ்லைடு ஸ்கேனர் இல்லையே என்று நம் ஊர் மாணவர்கள் தயங்க வேண்டாம். போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகள் திலேப்பியா குடலை நுண்ணோக்கியில் வைத்து, கண்வில்லையில் செல்போனைப் பிடித்து எடுத்த படங்களை அனுப்பினாள். க்யூபாத் அதையும் திறந்தது. செல்போன் படத்தில் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற தகவல் இருக்காது, அதனால் எல்லாமே பிக்சல் கணக்கில் வரும். அதற்கு வழி இருக்கிறது. ஆய்வகத்தில் இருக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை, அதாவது மைக்ரான் கணக்கில் கோடு போட்ட கண்ணாடி அளவுகோலை, அதே உருப்பெருக்கத்தில், அதே போனில், அதே ஜூமில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதைத் திறந்து 100 மைக்ரான் நீளத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். கோடு தேர்வாகி இருக்கும்போதே படத் தகவல் பட்டியலில் பிக்சல் அகலம் என்ற வரியை இரண்டு முறை சொடுக்கி, நீளத்தைக் கொடுத்தால் அது கணக்குப் போட்டுக்கொள்ளும். வந்த எண்ணைக் குறித்து வைத்து மற்றப் படங்களுக்கும் கொடுக்கலாம்.

அவள் அனுப்பிய முதல் படத்தில் மடிப்பு நேராக வெட்டுப்பட்டிருந்தது, நடு இழை நுனிவரை தெரிந்தது. "அக்கா, அளக்கவா?" என்றாள். மீன் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டேன். காலையில் எட்டு மணிக்கு என்றாள். சரி, அள என்றேன்.